சோதனை தோற்கலாம், கணினி முடங்கக்கூடாது

கைப்பேசியில் ஒரு விளையாட்டுச் செயலி திடீரென நின்றுவிட்டால், அதை மூடிவிட்டு மீண்டும் திறக்கிறோம். மற்றச் செயலிகள் வழக்கம்போல் இயங்குகின்றன. செயலிகளைத் தனித்தனியே பிரித்து வைத்து, நினைவகத்தையும் வன்பொருளையும் பகிர்ந்தளிக்கும் இயங்குதளமே இதற்குக் காரணம். இயங்குதளத்தின் மையப்பகுதி கெர்னல் எனப்படும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். செயலியின் பிழையைக் கெர்னல் தாங்கிக்கொள்ளும். கெர்னலிலேயே பிழை நேர்ந்தால் கருவி முழுவதும் முடங்கக்கூடும்.

ஆகவே, கெர்னலின் நிரல்கள் சிறு சிறு பகுதிகளாகச் சோதிக்கப்படுகின்றன. இதனை அலகுச் சோதனை என்பர். 2020ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 5.5 பதிப்பில், இதற்கான கேயூனிட் என்னும் கட்டமைப்பு இடம்பெற்றது. இங்கு ஒரு சிக்கல் உண்டு. சோதனையும் கெர்னலுக்குள்ளேயே நடைபெறுகிறது. கவனமின்றி எழுதப்பட்ட சோதனை, தான் தோற்பதோடு கெர்னலையும் முடக்கிவிடலாம். அப்போது எஞ்சிய சோதனைகளும் நடைபெறாமல் போகும்.

இதனைத் தவிர்க்க இருவகைச் சரிபார்ப்புகள் உள்ளன. அறிவியல் கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அளவீடு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு சோதனையைத் தொடர்கிறோம். வாயு கசிந்தாலோ உடனே நிறுத்திவிடுகிறோம். கேயூனிட்டில் முதல் வகை 'எதிர்பார்ப்பு'. இரண்டாம் வகை 'உறுதிப்பாடு'. எதிர்பார்ப்பு பொய்த்தால், தோல்வி பதிவாகும், சோதனை தொடரும். உறுதிப்பாடு பொய்த்தால், அச்சோதனை அங்கேயே நிற்கும். அடுத்த சோதனை தொடங்கும்.

ஒரு சோதனை, ஐந்து எண்களைச் சேமிக்க நினைவகத்தில் இடம் கேட்கிறது எனக் கொள்வோம். இடம் கிடைக்காவிட்டால் வெற்று முகவரியே திரும்பி வரும். அதில் எழுத முயன்றால் கெர்னல் நிலைகுலையும். எனவே, இடம் கிடைத்ததா என்பதை முதலில் உறுதிப்பாட்டால் சரிபார்க்க வேண்டும். பின்னர், ஒவ்வோர் எண்ணையும் எதிர்பார்ப்பால் சரிபார்க்கலாம். அப்போது, தவறான எண்கள் அனைத்தும் ஒரே ஓட்டத்தில் தெரியவரும்.

சோதனை பாதியில் நின்றால், பெற்ற நினைவகத்தை யார் திருப்பித் தருவது? இறுதி வரியில் எழுதப்பட்ட கட்டளை செயல்படாமலே போய்விடுமே! இதற்காகவே, கேயூனிட் வழியாகப் பெறும் நினைவகம், சோதனை வென்றாலும் தோற்றாலும் அதன் முடிவில் தானாகவே விடுவிக்கப்படுகிறது. பூட்டுகளிலும் கவனம் தேவை. பூட்டைப் பிடித்திருக்கும்போதே சோதனை நின்றால், அப்பூட்டுக்காக மற்ற நிரல்கள் முடிவின்றிக் காத்திருக்கும். ஆகையால், விடையை எடுத்துக்கொண்டு பூட்டை விடுவித்த பின்னரே உறுதிப்பாட்டைப் பயன்படுத்துவது நல்லது.

இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் விபத்து நேரலாம். எனவே, நிரலர்கள் லினக்ஸ் கெர்னலையே ஒரு சாதாரண நிரலைப் போலத் தங்கள் கணினியில் இயக்கிச் சோதிப்பதும் உண்டு. அது நிலைகுலைந்தாலும் அந்த நிரல் மட்டுமே நிற்கும். கணினி தொடர்ந்து இயங்கும்.

சோதனை தோற்பது குறையன்று. பிழை இருக்கும் இடத்தை அது நமக்குக் காட்டுகிறது. ஆனால், அந்தச் செய்தி நம்மை வந்தடைய வேண்டுமானால், தோல்விக்குப் பிறகும் கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.