ஒரு ஸ்கேனரும் மூன்று கணிப்பொறிகளும்

இல்லத்து முற்றத்தில் ஒரு கிணறு இருந்தால் வீட்டார் யாவரும் அதில் நீர் மொள்ளலாம். கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தால் யாவரும் அதில் மணி பார்க்கலாம். ஆனால் மேசைமேல் வீற்றிருக்கும் ஸ்கேனர் என்னும் கருவியின் வழி வேறு. எந்தக் கணிப்பொறியுடன் அது கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு மட்டுமே அது பணி செய்யும். அடுத்த அறையிலிருப்பவருக்கு அது இருந்தும் இல்லாததே!

இதை நாம் அனுபவத்தில் கற்றோம். சென்ற ஆண்டு நம் தந்தையார் காலமானார். அம்மாவுக்கு உரிய குடும்ப ஓய்வூதியத்துக்காக ஏறத்தாழ அறுபது தாள்களின் நகல்களை அனுப்பவேண்டியிருந்தது. விண்ணப்ப வேலைகளை ஏற்றுக்கொண்டவர் மாடியில் குடியிருக்கும் தமையனார். அவருக்கோ முழங்கால் வலி, படியிறங்க இயலாது. ஸ்கேனர் இருந்தது கீழே, நம் அறையில். காலையில் நாம் அலுவலுக்குப் புறப்பட்டால் நம் கணிப்பொறி மாலைவரை உறங்கும். ஆகவே தமையனாரின் மகள் ஸ்கேனரைக் கழற்றித் தாள்களுடன் மாடிக்குச் சுமந்து சென்று தன் மடிக்கணிப்பொறியில் இணைப்பாள். பின்னர் கீழே கொண்டுவருவாள்.

இத்தகைய ஸ்கேனர்களின் கண்ணாடிக்கு அடியில் விளக்கும் ஒளியுணர் பட்டையும் தாங்கிய ஒரு சட்டம் நகர்கிறது. அதைப் பூட்டிவைக்கப் பல ஸ்கேனர்களில் ஒரு சிறு விசை உண்டு. பூட்டாமல் தூக்கினால் உள்ளுறுப்புகள் சேதமடையலாம். ஒருநாள் கம்பி காலில் சிக்கியது. ஸ்கேனர் படியில் மோதிக் கண்ணாடியின் ஓரத்தில் கீறல் விழுந்தது. அதைவிட நம்மை வருத்தியது வேறொன்று. தந்தையாரின் 1968ஆம் ஆண்டுப் பணிநியமன ஆணை ஏற்கெனவே மடிப்புகளில் நைந்திருந்தது. படியேறி இறங்கிய ஒவ்வொரு முறையும் அது நூலளவு கிழிந்துகொண்டே வந்தது.

"இனிமேல் இதையும் தூக்க வேண்டாம், அதையும் தூக்க வேண்டாம். இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு வழி பாருங்கள்" என்றார் அம்மா. அந்த வழியைத் தேடியபோது கண்டவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு கருவிக்கு ஒரே எஜமான்

யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையை ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்டன. அதற்கு முன் அச்சுப்பொறிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு வேறொரு துளை, மோடத்துக்கு மற்றொரு துளை என்றிருந்த குழப்பத்தை அது தீர்த்துவைத்தது. அதன் அடிப்படை விதி யாதெனில், கணிப்பொறியே எஜமான். கருவிகள் யாவும் ஏவலர். எஜமான் கேட்டாலொழிய ஏவலர் வாய் திறவார். ஓர் எஜமானின் கீழ் 127 கருவிகள்வரை இருக்கலாம். ஆனால் ஒரு கருவிக்கு ஒரே வேளையில் இரு எஜமானர் இருத்தல் ஆகாது. கம்பியின் நீளத்துக்கும் எல்லையுண்டு: பெரும்பாலான ஸ்கேனர்கள் பயன்படுத்தும் யு.எஸ்.பி. 2.0 முறையில் அது 5 மீட்டர். மாடிக்கு நீண்ட கம்பி இழுத்துவிடலாம் என்று நாம் போட்ட திட்டம் இவ்விடத்தில் முறிந்தது.

"அச்சுப்பொறியை மட்டும் வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ள முடிகிறதே?" என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. அச்சிடுதல் ஒருவழிப் பயணம். கணிப்பொறி பக்கத்தை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அச்சுப்பொறி வரிசைப்படி அச்சிட்டுத் தள்ளும். நகலெடுத்தல் அப்படியன்று, அஃது ஓர் உரையாடல். முதலில் முன்தோற்றம் பார்க்கவேண்டும். எந்தப் பகுதி, எத்தனை நுணுக்கம், வண்ணமா கறுப்பு வெள்ளையா எனச் சொல்லவேண்டும். பின்னர் வரும் படத்தைக் காத்திருந்து பெறவேண்டும். ஆதலால் அச்சுப்பொறியைப் பகிரும் வசதியைத் தன்னகத்தே கொண்ட விண்டோஸ், யு.எஸ்.பி. ஸ்கேனருக்கு அத்தகைய வசதியைத் தரவில்லை.

1992இல் தோன்றிய ட்வெயின் என்னும் பொதுமுறையும் இதற்கு ஒரு காரணம். பல நிறுவனங்களின் ஸ்கேனர்களும் பல மென்பொருள்களும் ஒன்றோடொன்று பேச அது வழிசெய்தது. ஆனால் ஸ்கேனரை இயக்கும் நிரலும், நாம் பொத்தான் அழுத்தும் திரையும் அதில் ஒன்றாகவே தைக்கப்பட்டிருந்தன. ஒன்றை ஓர் அறையிலும் மற்றொன்றை வேறோர் அறையிலும் வைப்பது எளிதாக இல்லை.

கைவசமுள்ள வழிகள்

எளிய வழியை முதலில் சொல்வோம். ஸ்கேனர் இணைந்துள்ள கணிப்பொறியிலேயே நகலெடுத்து, மற்றவர்களும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறை ஒன்றில் சேமித்துவிடலாம். மாதம் நான்கைந்து தாள் மட்டுமே நகலெடுக்கும் குடும்பத்துக்கு இதுவே போதும். அந்தக் கணிப்பொறி விழித்திருக்கவேண்டும், அதனருகே ஒருவர் அமரவேண்டும் என்பவையே இதன் நிபந்தனைகள். நமக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை.

இரண்டாவது வழி, பொத்தான் வைத்த சிறு பெட்டி. ஒரு பக்கம் ஸ்கேனரையும் மறு பக்கம் இரண்டு அல்லது நான்கு கணிப்பொறிகளையும் இணைத்து, வேண்டியவர் பொத்தானை அழுத்தித் தம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஒரே அறையில் அருகருகே கணிப்பொறிகள் இருப்பின் நன்று.

மூன்றாவது வழி, கம்பி வழியே செல்லும் செய்தியை வலையமைப்பு வழியே அனுப்புவது. ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் யு.எஸ்.பி.ஐபி என்ற பெயரில் இதை விளக்கினர். 2014 முதல் இது லினக்ஸ் கருநிரலின் முழு உறுப்பாக இருக்கிறது. தொலைவிலுள்ள கணிப்பொறி, ஸ்கேனர் தன்னிடமே செருகப்பட்டிருப்பதாக நம்பிவிடும்! எனினும் ஒருவர் பிடித்திருக்கும்போது மற்றவர் தொட முடியாது. பயன்படுத்தும் கணிப்பொறியில் அந்த ஸ்கேனருக்குரிய இயக்கி நிரலும் இருக்கவேண்டும். தமையனாரின் புதிய கணிப்பொறிக்கு ஏற்ற நிரல் நமது பழைய ஸ்கேனருக்குக் கிடைக்கவில்லை. எனவே இவ்வழியும் நமக்கு அடைபட்டது.

நடுவர் ஒருவர் வேண்டும்

நான்காவது வழியே நமக்குக் கைகொடுத்தது. சேன் என்பது லினக்ஸ் முதலிய அமைப்புகளில் வழங்கும் ஓர் இலவச மென்பொருள் தொகுதி. ட்வெயின் ஒன்றாகத் தைத்ததை இது இரண்டாகப் பிரித்தது. ஸ்கேனரை இயக்கும் பகுதி வேறு. மனிதரோடு பேசும் திரை வேறு. இரண்டுக்கும் இடையே வலையமைப்பு நீளலாம். ஸ்கேனர் அருகே ஒரு சிறு கணிப்பொறி நடுவராக அமர்ந்து, யார் கேட்டாலும் தானே நகலெடுத்துப் படத்தை மட்டும் அனுப்பிவைக்கும். இயக்கி நிரல் அந்த ஒரு நடுவரிடம் இருந்தால் போதும்.

நடுவராக ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணிப்பொறியை நாம் அமர்த்தினோம். 2012இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வகை, மின்சாரம் குறைவாகவே உண்ணும். நாள் முழுதும் விழித்திருக்கும். பரணில் கிடக்கும் பழைய மடிக்கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவினாலும் இதே பணி நடக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: எதையும் வாங்குமுன் சேன் வெளியிட்டுள்ள பட்டியலில் உங்கள் ஸ்கேனரின் பெயரும் எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் இம்முயற்சி வீண்.

நாம் செய்த வரிசை இது. ஸ்கேனரையும் சிறு கணிப்பொறியையும் கூடத்தில் அம்மாவின் மேசையில் வைத்தோம். அதன் வலையமைப்பு முகவரி நாளுக்கு நாள் மாறாதிருக்க ரூட்டரில் நிலையான எண் ஒதுக்கினோம். சேன் தொகுதியையும், வலையமைப்பில் காதுகொடுத்துக் காத்திருக்கும் அதன் பணிநிரலான சேன்டியையும் நிறுவினோம். சேன்டி 6566ஆம் எண் வாயிலில் காத்திருக்கும். யார் யார் கதவைத் தட்டலாம் என்பதற்கு ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு; அதில் வீட்டுக் கணிப்பொறிகளின் முகவரிகளை மட்டும் எழுதினோம். தமையனாரின் மகளது மடிக்கணிப்பொறியில் லினக்ஸ் இருந்ததால், அதில் நடுவரின் முகவரியை ஒரே வரியாக எழுதியதும் ஸ்கேனர் தோன்றிவிட்டது.

தமையனாரிடம் இருப்பது விண்டோஸ். அவருக்காக ஸ்கேன்சர்வ்ஜேஎஸ் என்னும் இலவச நிரலையும் நடுவரிடம் நிறுவினோம். அது ஸ்கேனருக்கென ஒரு திரைப்பக்கத்தை உண்டாக்கும். வீட்டுக்குள் எந்தக் கணிப்பொறியின் உலாவியிலும் அப்பக்கத்தைத் திறந்து நகலெடுக்கலாம். கைப்பேசிகளுக்கும் புதிய கணிப்பொறிகளுக்கும் இந்த ஸ்கேனர் தானாகவே தென்படவேண்டுமாயின் ஏர்சேன் என்றொரு நிரலும் இருக்கிறது.

இரு இடர்கள் நேர்ந்தன. முதலாவது, கையில் கிடைத்த கைப்பேசி மின்னேற்றியால் சிறு கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்தோம். நமது ஸ்கேனரோ தனக்கு வேண்டிய மின்சாரத்தை யு.எஸ்.பி. கம்பி வழியாகவே பெறுவது. 500 மில்லி ஆம்பியர்வரை கேட்கக்கூடியது. வலுக்குறைந்த மின்னேற்றியால் இரண்டையும் தாங்க முடியாமல் பாதிப் பக்கத்தில் ஸ்கேனர் நின்றுபோயிற்று. உரிய மின்னேற்றி வந்ததும் சரியாயிற்று. இரண்டாவது, நிர்வாகியாக நுழைந்தால் ஸ்கேனர் தெரிந்தது; மாடியிலிருந்து கேட்டால் தெரியவில்லை. ஒரு மாலை முழுதும் தேடியபின் காரணம் புலப்பட்டது: சேன்டி இயங்கும் பயனர் பெயரை, ஸ்கேனரைத் தொட உரிமைபெற்ற குழுவில் நாம் சேர்த்திருக்கவில்லை. இம்முயற்சியில் இறங்குவோர் முதலில் இவ்விரண்டையும் சோதித்துக்கொள்வது நலம்.

சிறிது கணக்கு

ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நகலெடுத்தால் குறுக்கே 2480, நெடுக்கே 3508 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம். வண்ணப்படத்தில் புள்ளிக்கு 3 பைட்டு வீதம் 26 மெகாபைட் ஆகிறது. சாம்பல் நிறத்தில் எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. 600 புள்ளிக்கு உயர்த்தினாலோ நான்கு மடங்கு! நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் கம்பி வலையமைப்பில் 26 மெகாபைட் கடக்க இரண்டு நொடிக்குச் சற்று மேல் போதும். ஸ்கேனரின் சட்டம் நகரும் நேரம் அதைவிட மிகுதி. ஆகையால் வலையமைப்பால் தாமதம் தெரியாது. வலுவற்ற வைஃபையிலோ தெரியும். எழுத்துத் தாள்களுக்கு 300 போதும். சிறிய பழைய புகைப்படங்களுக்கு மட்டும் 600 வைத்துக்கொள்ளலாம்.

பகிர்தலிலும் எல்லை உண்டு

சேன்டி அனுப்பும் படங்கள் மறைகுறியாக்கம் இன்றியே செல்கின்றன. வீட்டுக்கு வெளியே இணையத்துக்கு அந்த வாயிலை ஒருபோதும் திறந்துவிடலாகாது. விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுப்பது நன்று. சேமித்த நகல்களையும் மறந்துவிடக்கூடாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அம்மாவின் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கமும் அந்தப் பொதுத் திரைப்பக்கத்தில் யாரும் எடுக்கக்கூடியவாறு கிடந்தன! அன்று முதல் வேலை முடிந்தவுடன் உரியவர் தம் கணிப்பொறிக்கு எடுத்துக்கொண்டு பொது இடத்தில் அழித்துவிடுவது நம் இல்லத்து வழக்கமாயிற்று. கண்ணாடியில் தாளை மறந்துவிட்டுப் போவதும் கூடாது.

எவ்வளவு செய்தாலும் தாளைக் கண்ணாடியில் வைக்க ஒரு கை வேண்டும் அல்லவா? அந்தக் கை அம்மாவினுடையதாயிற்று. தமையனார் மாடியிலிருந்து கைப்பேசியில், "அம்மா, அடுத்ததை வையுங்கள்" என்பார். அம்மா வைப்பார், விளக்கு நகரும், மாடியில் படம் தோன்றும். எந்தத் தாள் எதற்குரியது என்று நமக்குத் தெரியாத இடங்களில் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "இது அப்பா முதல் முறை மாற்றலாகிப் போனபோது வந்தது" என்று அவர் சொல்லச் சொல்ல, தமையனார் அதையே கோப்பின் பெயராக எழுதினார். அறுபது தாள்களும் மூன்று மாலைகளில் முடிந்தன. ஓய்வூதியமும் பின்னர் வந்து சேர்ந்தது.

1968ஆம் ஆண்டு ஆணையை அம்மா கடைசியில் வைத்தார். அதை மட்டும் 600 புள்ளியில் எடுத்தோம். இப்போது அது கண்ணாடித்தாள் உறையில், பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. அதை மீண்டும் விரிக்கவேண்டிய தேவை இனி எவருக்கும் இல்லை.