'சுராங்கனி'க்கு மீன் கொண்டுவந்த மனுஷன்!

டூர் பஸ்ஸோட கடைசி சீட்டு, கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா, ஹாஸ்டல் டே... எங்கே போனாலும் ஒரு பாட்டு கண்டிப்பா வரும். 'சுராங்கனி'! யாராவது பெஞ்சைத் தட்டினா போதும், மொத்த கிளாஸும் கோரஸுக்கு ரெடி. ஆனா, 'இது யார் பாட்டு?'னு கேட்டுப் பாருங்க... பாதிப் பேர் இளையராஜாம்பாங்க, மீதிப் பேர் செல்போனைத் தேடுவாங்க!

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பசங்களாவது அந்தப் பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கணும் பாஸ். ஏன்னா, அது நம்ம கடலைத் தாண்டி வந்த பாட்டு.

பேர்... ஏ.ஈ.மனோகரன். இலங்கையில அவருக்கு 'பொப்பிசைச் சக்கரவர்த்தி'னு பட்டம். நாம 'பாப்'னு எழுதுறதை அங்கே 'பொப்'னு எழுதுவாங்க.

போர்ச்சுகல் டு ராமேஸ்வரம்

16-ம் நூற்றாண்டுல இலங்கைக்கு வந்த போர்ச்சுக்கீசியர்களும், அவங்களோட வந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுட்டுப்போன ஆட்டத் தாளம்தான் பைலா. ஆறு எண்ணிக்கையில சுத்திச் சுத்தி வர்ற தாளம். காலைச் சும்மா வெச்சிருக்க முடியாது. வாலி பஸ்தியன்னு ஒரு போலீஸ்காரர் அதுல சிங்கள வரிகள் போட்டுப் பாடிப் பிரபலமாக்கினார்.

அப்புறம் தமிழ்ப் பசங்க கிடாரைத் தூக்கினாங்க. 'சின்ன மாமியே' பாட்டை எழுதிப் பாடின உரும்பிராய்க்காரர் நித்தி கனகரத்தினம்தான் இதுல முன்னோடி. சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் கோலோச்சின காலத்துல, தெருவுல பேசுற தமிழ்லேயே கிண்டலும் கேலியுமா பாட்டு வந்தா எப்படி இருக்கும்? அதிர்ந்துச்சு! அந்த அலையில மேடையை மொத்தமா அள்ளினவர் மனோகரன்.

'சுராங்கனி'யில பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. 'மாலு'ன்னா சிங்களத்துல மீன். சுராங்கனிங்கிற பொண்ணுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறதா சொல்ற பாட்டு, அவ்ளோதான். தங்கச் சங்கிலி இல்லை, ரோஜாப்பூ இல்லை... மீன்! பாம்பன்காரங்களுக்கு இதைவிடப் புரியுற காதல் வேற என்ன இருக்கு?

ரேடியோவுக்கு பாஸ்போர்ட் இல்லை!

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். அதனால, இலங்கை வானொலி நம்ம கரையில பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்களெல்லாம் நம்ம தாத்தா, பாட்டிக்கு வீட்டு ஆளுங்க குரல்!

இதுல ஒரு விஷயம் கவனிங்க... 1974-ல கச்சத்தீவு ஒப்பந்தம். நடுக்கடல்ல கோடு விழுந்துச்சு. அதே காலகட்டத்துலதான் 'சுராங்கனி' அந்தக் கோட்டைச் சிரிச்சுக்கிட்டே தாண்டி வந்தா. 1977-ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல இளையராஜா இசையில, மலேசியா வாசுதேவன், ரேணுகா குரல்கள்ல கோடம்பாக்கத்துக்கே வந்துட்டா. பாட்டு தாண்டினா கைதட்டல், படகு தாண்டினா கைதுங்கிறது அப்புறம் வந்த கதை.

பேருக்கு முன்னால ஒரு நாடு

மனோகரன் நல்ல நடிகரும்கூட. நெடுந்தீவுல மீன் பிடிக்கிறவங்க வாழ்க்கையைச் சொல்ற செங்கை ஆழியானோட நாவல் 'வாடைக்காற்று', 1978-ல இலங்கையில படமாச்சு. அதுல நடிச்சார். அதே வருஷம் இங்கே 'மாங்குடி மைனர்', 1981-ல 'தீ'னு வில்லன் கேரக்டர்கள். அப்புறம் சின்னத்திரையிலும் வந்தார்.

இங்கே அவருக்குக் கிடைச்ச பேர் 'சிலோன்' மனோகர். 1972-லேயே அந்த நாடு சிலோன்ங்கிற பேரைக் கழட்டி வெச்சிடுச்சு. ஆனா, இவரை அந்தப் பேர் கடைசி வரைக்கும் விடலை. 1983 கலவரம், போர்... ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் நின்னுபோச்சு. அவர் பாட்டுக்கு ஆடின ஜனங்கள்ல பலர் அகதிகளா மண்டபம் முகாமுக்கு வந்தாங்க. இன்னும் பலர் கனடா, லண்டன்னு சிதறினாங்க. நித்தி கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டார்.

2018 ஜனவரி 22-ம் தேதி, சென்னையில 73 வயசுல மனோகரன் இறந்தார். அத்தனை மேடை, அத்தனை படம்... ஆனாலும் செய்திகள்ல அவர் ''சுராங்கனி' புகழ்' மனோகர்தான். ஒரு பாட்டு ஜெயிச்சதுல, அதைப் பாடின ஆளே அதுக்குப் பின்னால மறைஞ்சுபோயிட்டார். அது அவருக்குச் செஞ்ச நியாயம் இல்லை.

அதனால, சினிமா வெர்ஷனோட நிறுத்திடாதீங்க. மனோகரன் குரல்ல பாட்டைத் தேடிக் கேளுங்க. அப்படியே உங்க வீட்டுப் பெருசுங்ககிட்ட 'சிலோன் ரேடியோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க... அரை மணி நேரக் கதை கியாரன்ட்டி!