விலை 599 டாலர், அடக்கம் 840 டாலர்!

அடக்க விலைக்கும் குறைவாகப் பொருளை விற்கும் வணிகர் உண்டா? வாடிப்போகும் கீரையானால் மாலையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அன்றுதான் சந்தைக்கு வந்த புதிய கருவியை, அதை வாங்க மக்கள் கடை வாசலில் வரிசையில் காத்து நிற்கும்போது, நட்டத்துக்கு விற்பார்களா? விற்றார்கள். 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோனி நிறுவனம் வெளியிட்ட ‘பிளேஸ்டேஷன் 3’ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியின் வரலாறு இது.

அமெரிக்காவில் அக்கருவியின் இரு வகைகளுக்கு 499 டாலர், 599 டாலர் என விலை வைத்தார்கள். ஐசப்ளை என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் கருவிகளைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக விலை மதித்துக் கூட்டிப் பார்த்தது. முதல் வகையின் அடக்கம் சுமார் 806 டாலர், இரண்டாவதன் அடக்கம் சுமார் 840 டாலர் என்று கணக்கு வந்தது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,230 கோடி யென் நட்டம் கண்டது.

இது அறியாமையா, துணிச்சலா? விடை காண வணிகக் கணக்கு மட்டும் போதாது. சிறிது இயற்பியலும் வேண்டும்.

நீல ஒளியின் விலை

கருவியின் விலையை உயர்த்திய உறுப்புகளில் ஒன்று, புளூ-ரே வட்டைப் படிக்கும் பகுதி. வட்டில் செய்தி நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கிறது. அதைப் படிக்கும் லேசர் ஒளிப் புள்ளி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நெருக்கமாகக் குழிகளை அமைக்கலாம். ஒளியின் அலைநீளம் குறைந்தால் புள்ளி சிறுக்கும். வில்லையின் குவிக்கும் திறன் கூடினாலும் சிறுக்கும்.

டிவிடி வட்டுக்குப் பயன்படும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். புளூ-ரேயின் நீல ஊதா ஒளிக்கோ 405 நானோமீட்டர்தான். வில்லையின் திறனைக் குறிக்கும் எண்ணும் 0.60 என்பதிலிருந்து 0.85 ஆக உயர்ந்தது. இரண்டும் சேர்ந்ததால் புள்ளியின் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகியது. எனவே ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் கொண்ட இடத்தில் 25 கிகாபைட் கொள்ள முடிந்தது. ஆனால் இந்த ஒளியைத் தரும் லேசர் டையோடுகளைப் பெருமளவில் செய்வது அன்று கடினமாக இருந்தது. அவை போதிய அளவு கிடைக்காமல், ஐரோப்பிய வெளியீடே 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று.

தட்டும் பழுதும்

மற்றொரு விலையுயர்ந்த உறுப்பு ‘செல்’ என்னும் சிலிக்கான் சில்லு. சில்லுகளைத் தனித்தனியே செய்வதில்லை. வட்டமான சிலிக்கான் தட்டில் பல சில்லுகளை ஒருசேர உருவாக்கிப் பின் வெட்டி எடுக்கிறார்கள். தட்டில் ஆங்காங்கே பழுது விழுவதை முற்றிலும் தவிர்க்க முடியாது. பழுது விழுந்த சில்லு பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். தட்டை 100 கட்டங்களாகப் பிரித்திருப்பதாகவும், அதில் 50 பழுதுகள் கண்டபடி விழுவதாகவும் கொள்க. ஒரு பழுதிலிருந்து குறிப்பிட்ட கட்டம் தப்பும் வாய்ப்பு 99/100. ஐம்பதிலிருந்தும் தப்பும் வாய்ப்பை அறிய, இப்பின்னத்தை 50 முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.6. அதாவது 60 சில்லுகள் தேறும். இப்போது கட்டத்தின் பரப்பைப் பாதியாக்குவோம். கட்டங்கள் 200, பழுதுகள் அதே 50. முன்போலவே கணக்கிட்டால் 156 சில்லுகள் தேறும்! தட்டின் செலவு மாறவில்லை. பலனோ இரண்டரை மடங்குக்கும் மேல்.

2006-இல் செல் சில்லின் பரப்பு சுமார் 235 சதுர மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய சில்லில் பழுது விழும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஓர் உபாயம் செய்தார்கள். சில்லில் எட்டுத் துணைச் செயலிகள் இருந்தன. விளையாட்டுக் கருவிக்கு ஏழு போதும் என்று வைத்துக்கொண்டார்கள். எட்டில் ஒன்று பழுதானாலும் சில்லு வீணாகாது.

நாளைய அடக்கம், இன்றைய விலை

இனி சோனியின் கணக்கு எளிதில் விளங்கும். 90 நானோமீட்டர் முறையில் தொடங்கிய சில்லு, பின்னர் 65-க்கும் 45-க்கும் சுருங்கியது. பரப்பு ஏறத்தாழப் பாதியானது. நீல லேசரும் மலிவாயிற்று. 2009-இல் 299 டாலருக்கு வந்த மெலிந்த கருவியின் அடக்கத்தை, அதே ஐசப்ளை நிறுவனம் சுமார் 336 டாலர் என்று மதிப்பிட்டது. மூன்றே ஆண்டுகளில் 840 டாலர் 336 ஆகிவிட்டது! ஆக வெளியீட்டு விலை என்பது அன்றைய அடக்கத்தை மட்டும் பார்த்து வைப்பதன்று. சில ஆண்டுகள் கழித்து அடக்கம் எங்கே இறங்கும் என்பதையும் எண்ணி வைப்பது.

எஞ்சிய இழப்பை ஈடு செய்வது விளையாட்டு வட்டு. பிறர் தயாரிக்கும் விளையாட்டானாலும், விற்கும் ஒவ்வொரு வட்டுக்கும் கருவி செய்தவருக்கு உரிமத்தொகை சேரும். கருவி வீட்டுக்குள் நுழைந்தால் வட்டுகள் பின்னாலேயே வரும். வராத இடமும் உண்டு. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் இக்கருவிகளில் 1,700-க்கும் மேற்பட்டவற்றை இணைத்து, 2010-இல் ஒரு மீக்கணிப்பொறி அமைத்தது. விஞ்ஞானிகளுக்கு மலிவான கணக்கிடும் திறன் கிடைத்தது. அவர்கள் விளையாட்டு வட்டு வாங்கப் போவதில்லையே!

சுருக்கம் தளர்ந்தால்?

இக்கணக்கு முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: சில்லு சுருங்கும், செலவு குறையும். ஆனால் சில்லின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 90 நானோமீட்டர் 45 ஆனபோது பரப்பு கால் பங்காக வேண்டும். பாதிதான் ஆயிற்று என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலும் நுணுக்கமான முறைகளில் தட்டு ஒன்றின் செலவே ஏறிவிடுகிறது. முன்பு கிடைத்த ஆதாயம் அதே அளவில் கிடைப்பதில்லை.

விளைவை விலையிலேயே காணலாம். 2020-இல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 549 டாலராக உயர்ந்தது. பொருளாதாரச் சூழலைச் சோனி காரணமாகக் கூறியது. முன்பெல்லாம் இத்தகைய சுமைகளைச் சில்லின் சுருக்கம் ஓரளவு தாங்கிக்கொண்டது. ‘கொஞ்ச நாள் பொறுத்தால் விலை இறங்கும்’ என்று காத்திருந்த வாடிக்கையாளர், இம்முறை கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. அணுக்களின் அளவை நெருங்க நெருங்க இயற்கை விதிக்கும் எல்லை, கடைச் சீட்டில் எழுதியிருக்கும் விலை வரை வந்து எட்டிவிட்டது.