பந்து நேராத்தான் போச்சு... காலால் வந்தது வினை! சாஃப்ட்பாலில் 'குரோ ஹாப்' தெரியுமா?

பந்து நேராக ஸ்ட்ரைக் ஸோனுக்குள் போகிறது. பேட்டர் அசையவே இல்லை. ஆனால், அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுகிறார். 'இல்லீகல் பிட்ச்!' வீசிய 12 வயதுப் பெண்ணுக்கு, என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. அமெரிக்காவில் சிறுமிகள் ஆடும் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் நடக்கிற விஷயம்தான் இது. தப்பு கையில் இல்லை, காலில்!

நம்ம ஊர் நோ-பால் மாதிரியா என்றால், பாதி ஆமாம். கிரிக்கெட்டில் கால் எங்கே விழுந்தது என்று பார்ப்பார்கள். இங்கே, எங்கிருந்து உந்தினீர்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

எது சரி... எது தப்பு?

பிட்சர் நிற்கும் ரப்பர் பலகையின் நீளம் 24 இன்ச். வலது கை பிட்சர் என்றால், வலது கால்தான் பிவட் கால். அது ரப்பரிலிருந்து உந்த வேண்டும். இடது கால் அந்த 24 இன்ச் அகலத்துக்குள் முன்னால் விழ வேண்டும். பிவட் கால் விரல் நுனி தரையைத் தேய்த்தபடி பின்னாலேயே வரும்.

பிவட் காலைத் தூக்கி, ரப்பருக்கு முன்னால் மறுபடி ஊன்றி, இரண்டாவது முறை உந்தினால் அதுதான் குரோ ஹாப். 12 வயதுக்குட்பட்டோருக்குப் பிட்சிங் தூரமே 40 அடிதான். மணிக்கு 50 மைல் வேகப் பந்து அதைக் கடக்க அரை நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதிலும் திருட்டுத்தனமாக தூரத்தைக் குறைத்தால், பேட்டர் பாவம்தானே!

இரண்டு கால்களும் காற்றில் இருப்பது 'லீப்'. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் 2024 சீசனிலிருந்து பெண்களுக்கும் இதை அனுமதிக்கிறார்கள். மறுபடி ஊன்றி உந்தினால் இப்போதும் தப்புதான். போட்டிக்குப் போட்டி விதி மாறும் என்பதால், முன்கூட்டியே கோச்சிடம் கேட்டுவிடுங்கள்.

இப்படிப் பழகலாம்

* ரப்பரின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முன்கால் கோட்டை ஒட்டி விழுகிறதா என்று பாருங்கள்.

* வீசியதும் மண்ணைக் கவனியுங்கள். பிவட் கால் தடம் விடாமல் ஒரே கோடாக இருந்தால் சூப்பர். நடுவில் விட்டுப்போய், பிறகு அழுத்தமாக ஒரு தடம் இருந்தால் குரோ ஹாப் ஆக இருக்கலாம்.

* பந்தே இல்லாமல், மெதுவாக 10 முறை காலை மட்டும் பழகுங்கள்.

* மொபைலைக் கணுக்கால் உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். உங்களுக்கே தெரியாத தாவலை அது காட்டிக்கொடுக்கும்.

* நடந்து வந்து வீசும் பயிற்சி செய்தால், கடைசியில் சில பந்துகளை ரப்பரில் நின்று வீசி முடியுங்கள். இல்லாவிட்டால் காலுக்கு அந்த எக்ஸ்ட்ரா ஸ்டெப்தான் பழகும்.

இன்னொரு விஷயம்... 'கீழ்க்கை வீச்சுதானே, தோளுக்கு ஒண்ணும் ஆகாது' என்று நினைக்காதீர்கள். சுழற்றி வீசும்போது தோளின் முன்பக்கத்துக்கு நல்ல சுமை இருக்கிறது. வலித்தால் நிறுத்துங்கள், தொடர்ந்து வலித்தால் டாக்டரைப் பாருங்கள். களைத்துப்போன கால் தன்னையறியாமல் தாவும். அப்படித் தாவ ஆரம்பித்தால், அன்றைக்கு அது போதும் என்று அர்த்தம்!