மேசை மேல் விரிந்த கணினி: சொன்னது என்ன, நடந்தது என்ன?

கணினி என்றாலே ஒருவர் உட்கார்ந்து இயக்கும் கருவி என்றுதான் நமக்குப் பழக்கம். ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ். வீட்டில் கல்யாணப் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால், ஒருவர் நாற்காலியில் இருப்பார்; மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பழைய ஆல்பம் அப்படியல்ல. அதை நடுவில் விரித்து வைத்தால் சுற்றி அமர்ந்து எல்லோரும் பார்க்கலாம்.

ஆல்பத்தின் அந்த வசதியைக் கணினிக்கும் கொண்டுவரப் போகிறோம் என்று 2007 மே மாத இறுதியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடந்த ஒரு மாநாட்டில், அதன் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் 'சர்ஃபேஸ்' என்ற கருவியை அறிமுகம் செய்தார். இன்று அதே பெயரில் விற்கும் டேப்லெட் அல்ல இது. தேநீர் மேசை போன்ற ஒரு பெட்டி. அதன் மேற்பரப்பே 30 அங்குலத் திரை. விலை 5,000 முதல் 10,000 டாலர் வரை இருக்கும் என்றார்கள்.

செயல்விளக்கத்தில் பலரையும் கவர்ந்தது புகைப்படம் பார்க்கும் முறைதான். டிஜிட்டல் கேமராவை மேசை மேல் வைத்ததும், அதிலுள்ள படங்கள் கம்பி இணைப்பு இல்லாமலேயே அதைச் சுற்றிப் பரவி விழுந்தன. விரலால் ஒரு படத்தை இழுக்கலாம். இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்கலாம். எதிரே இருப்பவர் பக்கம் திருப்பித் தள்ளிவிடலாம். ஒரே நேரத்தில் பலரின் கைகள் வேலை செய்யலாம். 52 தொடுகைகளை அதனால் ஒரே சமயத்தில் அடையாளம் காண முடியும்.

இது எப்படி இயங்கியது? இன்றைய கைப்பேசித் திரை, விரலால் ஏற்படும் மின் மாற்றத்தை உணர்கிறது. அந்த மேசையோ விரலைக் கண்ணால் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, பெட்டிக்குள்ளிருந்து மேல் நோக்கிப் பாய்ச்சப்பட்டது. விரலோ ஒரு பொருளோ பரப்பைத் தொட்டால் அந்த ஒளி பட்டுத் திரும்பும். உள்ளே இருந்த ஐந்து கேமராக்கள் அதைப் படம் பிடிக்க, எந்த இடத்தில் எத்தனை விரல்கள், எப்பக்கம் நகர்கின்றன என்று மென்பொருள் கணக்கிட்டது. பொருளின் அடியில் ஒட்டிய சிறு புள்ளிக் குறியீட்டையும் அதே கேமராக்கள் படித்துவிடும். திரையில் தெரியும் காட்சியை உள்ளிருந்த ஒரு புரொஜெக்டர் வீசியது.

பல விரல் தொடுதிரை 2007இல் பிறந்ததல்ல. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1982இலேயே இதற்கான ஆய்வு நடந்திருக்கிறது. 2006இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப் ஹான், குறைந்த செலவில் பெரிய தொடுதிரை செய்யும் வழியை 'டெட்' மேடையில் காட்டினார். அக்ரிலிக் பலகையின் ஓரத்திலிருந்து செலுத்தும் ஒளி, பலகைக்குள்ளேயே மோதி மோதிச் செல்லும். விரல் தொட்ட இடத்தில் மட்டும் அது சிதறி வெளியேறும். பின்னால் உள்ள கேமரா அதைப் பார்த்துக்கொள்ளும். அவருடைய நிறுவனத்தின் பெரிய திரையைத்தான் 2008 அமெரிக்கத் தேர்தலின்போது சிஎன்என் தொலைக்காட்சி பயன்படுத்தியது.

அதே காலத்தில் வந்த இன்னொரு புதுமை 'ஃபோட்டோசிந்த்'. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து செய்த ஆய்விலிருந்து பிறந்தது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை முன்பின் அறியாத பலர், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கேமராக்களில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் பொதுவாகத் தெரியும் மூலைகளையும் புள்ளிகளையும் கணினி ஒப்பிட்டது. ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே தெரிகிறது என்பதை வைத்து, கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தையும் ஒவ்வொருவரும் எங்கே நின்று படமெடுத்தார் என்பதையும் கணக்கிட்டது. பார்ப்பவர் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குச் சென்று கட்டடத்தையே சுற்றி வரலாம். படம் எவ்வளவு பெரியதானாலும், அந்த நேரத்தில் திரைக்குத் தேவையான துண்டை மட்டும் இறக்கிக் காட்டும் 'சீட்ராகன்' நுட்பமும் இதோடு சேர்ந்தது.

இவ்வளவும் இருந்தும் அந்த மேசை ஏன் வீடுகளுக்கு வரவில்லை? முதல் காரணம் விலை. 2008இல் அமெரிக்காவின் சில கைப்பேசிக் கடைகளுக்கும் பிறகு ஹோட்டல்களுக்கும் போனதோடு சரி. கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் இடம் வேண்டியிருந்ததால் அது அடைத்த பெட்டியாக இருந்தது; காலை உள்ளே நீட்டி உட்கார முடியாது. ஒருவருக்கு நேராகத் தெரியும் எழுத்து, எதிரே இருப்பவருக்குத் தலைகீழ். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே 2007 ஜூனில் ஐஃபோன் விற்பனைக்கு வந்தது. இரு விரலால் படத்தை விரிக்கும் அதே வித்தை சட்டைப் பைக்குள் வந்துவிட்ட பிறகு மேசையை யார் வாங்குவார்? மெல்லிய வடிவம் ஒன்றை சாம்சங்குடன் சேர்ந்து கொண்டுவந்தும் பயனில்லை. 2012இல் 'சர்ஃபேஸ்' என்ற பெயரை மைக்ரோசாஃப்ட் தன் டேப்லெட்டுக்குக் கொடுத்துவிட்டது.

ஆக, விரல் நுட்பம் வென்றது. கூடிப் பார்ப்பது தோற்றது. இன்று ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து திரைகள். ஊரில் எடுத்த படங்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. அதை மாற்ற விலையுயர்ந்த மேசை தேவையில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் கைப்பேசியை இணைத்து, பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, யார் எவர் என்று பெயர் சொல்லிப் பார்த்தால் போதும். படத்தில் இருப்பவரின் பெயரை எந்த மென்பொருளையும் விட வீட்டுப் பெரியவர்களே நன்றாக அறிவார்கள். அதைக் கேட்டு எழுதி வைப்பது நம் பொறுப்பு.

இந்தக் கதையில் நம் வீட்டுப் படங்களுக்கு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு.

ஒன்று, 2008இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஃபோட்டோசிந்த் சேவை 2017 பிப்ரவரியில் மூடப்பட்டது. தாங்கள் ஏற்றியதை முன்கூட்டியே இறக்கிக்கொண்டவர்களுக்கு அது மிஞ்சியது. மற்றவர்களுக்கு இல்லை. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் அதன் சேவை நிரந்தரமல்ல. முக்கியமான படங்களைக் கைப்பேசி தவிர இன்னும் இரண்டு இடங்களில், அதில் ஒன்று நம் கையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில், வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சில படங்களைக் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள்.

இரண்டு, படத்தோடு சேரும் இடக் குறிப்பை நீக்கிவிட்டால் இடம் தெரியாது என்று பலர் நினைக்கிறோம். ஒப்பிடப் போதுமான படங்கள் இருந்தால், பின்னணியில் தெரியும் சுவரையும் சன்னலையும் வைத்தே எங்கிருந்து எடுத்தது என்று கணிக்கலாம் என்பதை ஃபோட்டோசிந்த் அன்றே காட்டிவிட்டது. ஆகவே வீட்டு வாசல், பிள்ளைகளின் பள்ளி, வீட்டுப் பெண்கள் இருக்கும் படங்களைப் பொதுவெளியில் போடும் முன் யோசியுங்கள். அடுத்தவர் இருக்கும் படமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.