வீட்டு வடிகானும் சிறு கமராவும்

வீட்டுக் கூரை ஒழுகினால் அண்ணாந்து பார்க்கிறோம். சுவர் வெடித்தால் அருகிற் சென்று தடவிப் பார்க்கிறோம். ஆனால், குசினித் தொட்டியில் ஊற்றிய நீர் இறங்காது நிற்கும்போது என்ன செய்கிறோம்? முதலில் ஒரு குச்சி, அடுத்து ஒரு கம்பி, பின்பு கடையில் வாங்கிய காரத்தூள், ஈற்றில் மேசனும் அலவாங்கும். சீமெந்துத் தரையை உடைத்துக் குழாயைத் தோண்டி எடுத்த பின்னரே, அடைப்பு அவ்விடத்தில் இல்லை, இரண்டு யார் தள்ளி மதிலோரத்தில் உள்ளது என்பது தெரியவருகிறது. கண்ணுக்குப் புலப்படாத குறையை ஊகத்தினால் திருத்த முற்படுவதன் பலன் இதுவே.

இத்தகைய ஊகத்தைப் பெரும்பாலும் தவிர்க்க உதவும் ஒரு கருவியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் சிறு கமராவே அது.

இக்கருவிக்கு மருத்துவத்தோடு நெருங்கிய உறவு உண்டு. 1954ஆம் ஆண்டில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த ஹரல்ட் ஹொப்கின்ஸ், நரீந்தர் சிங் கபானி ஆகிய இருவரும், நுண்ணிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால் வளைந்த வழியாலும் ஓர் உருவத்தைக் கடத்தலாம் என்று காட்டினர். மனிதனின் இரைப்பையைப் பார்க்கும் வளையுங் கருவி இவ்வழியிற் பிறந்தது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்போர், ஒளியை மின்னேற்றமாக மாற்றிப் படமாக்கும் சில்லுக்கு அடிகோலினர். அதற்காக 2009இல் அவர்களுக்கு நொபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. பின்னர் வேறு வகை ஒளியுணர் சில்லுகளும் தோன்றி, மிகச் சிறுத்து, மிக மலிந்தன. அதனாலேயே ஒரு காலத்தில் வைத்தியசாலைக்கு மட்டும் உரியதாயிருந்த பார்வை இன்று வீட்டுக் கானுக்கும் எட்டியிருக்கிறது.

வீட்டுப் பாவனைக்கு உரிய கமராவின் தலை ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஒரு பென்சிலின் பருமன் என்று கொள்ளலாம். கண்ணாடிவில்லையைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருக்கும். சில மீற்றர் நீளமான வடத்தின் மறுமுனையைக் கைத்தொலைபேசியுடன் இணைத்தால், குழாயின் உட்புறம் திரையில் தோன்றும். ஐ.பி. 67 என்னும் குறி பொறித்த கமராவாயின், அதன் தலை 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை இருந்தாலும் பழுதடையாது. தொழில் முறையிற் பார்ப்போர் வைத்திருக்கும் கருவி இதனினும் பெரியது. அதன் வடம் விறைப்பானது. பல பத்து மீற்றர் தூரம் செல்லும். சிலவற்றின் தலையில் வானொலி அலை பரப்பும் சிறு பொறி உண்டு. நிலத்தின் மேல் ஒரு வாங்கியைப் பிடித்து நடந்தால், குறை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே நின்று அடையாளமிடலாம்.

இனி, பார்க்கும் முறையைக் கவனிப்போம். தொட்டியின் அடியில் குழாய் வளைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கானின் நாற்றம் வீட்டினுள் வராது தடுப்பதற்காக அவ்வளைவில் எப்போதும் நீர் தங்கும். கமராவின் வடம் அதிலே சிக்கிக்கொள்ளும். ஆகவே வளைவுக் குழாயைக் கழற்றிவிட்டோ, முற்றத்திலுள்ள மூடியிட்ட சோதனைத் தொட்டி வழியாகவோ செலுத்துவதே தக்கது. வடத்தில் அரை மீற்றருக்கு ஒன்றாக நாடா ஒட்டி வைத்தால், கண்ட குறை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை எளிதில் அறியலாம். முதலில் நல்ல நீரால் குழாயை அலசுக. காரத்தூள் இட்ட குழாயில் கமராவை விடவேண்டாம். வடத்தை இழுக்கும்போது காரநீர் கண்ணிலுங் கையிலும் தெறித்தல் கூடும். மெதுவாகச் செலுத்துக, தடைப்பட்டால் வலிந்து தள்ளாதீர்கள். போகும்போது பார்ப்பதிலும், திரும்ப இழுக்கும்போது பார்ப்பது தெளிவாயிருக்கும். கையுறை அணிதலும், வேலை முடிந்ததும் வடத்தைக் கிருமிநீக்கியால் துடைத்தலும் அவசியம்.

திரையிற் காண்பதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? சுவரோரமாக வெண்மையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் குசினிக் கொழுப்பு. நூல் நூலாகத் தொங்குவது மரவேர். பொருத்துவாயிலுள்ள சிறு இடைவெளி வழியே ஈரத்தைத் தேடி அது நுழைந்திருக்கும். கமரா திடீரென நீருள் மூழ்கிச் சிறிது தூரம் சென்று மறுபடி வெளிப்பட்டால், அவ்விடத்தில் குழாய் நடுவே தாழ்ந்துவிட்டது என்பது பொருள். நாலு அங்குலக் குழாயை 40 அடிக்கு 1 அடி இறக்கம் என்ற அளவில் பதிப்பது வழக்கம். அடியிலுள்ள மண் இறங்கினால் இவ்வொழுங்கு கெட்டு, நீர் தேங்கி, அழுக்குப் படியும். வேரை வெட்டலாம், கொழுப்பைக் கழுவலாம். தாழ்ந்த குழாயையோ தோண்டித்தான் திருத்தவேண்டும். எங்கே தோண்டுவது என்பது இப்போது தெரியும்.

ஆயினும் கமராவின் குறைகளையும் சொல்லவேண்டும். அது அடைப்பை நீக்காது, காட்டும், அவ்வளவே. கலங்கிய நீரில் அதற்குப் பார்வையில்லை. சிறிய கமராவுக்குச் சில சதமமீற்றர் தூரத்திலுள்ளதே தெளிவாகும். வடம் முறுகினால் மேல் கீழ் மாறித் தோன்றும். அப்போது நீர்மட்டத்தைக் கொண்டே திசையை உணர்தல் வேண்டும்.

நேயர்களே, இதுவரை அடைபட்ட குழாயைப் பற்றியே சொன்னேன். அடைபட்ட குழாய் தன் குறையைத் தானே அறிவிக்கும். வெடித்த குழாயோ அறிவிப்பதில்லை. தொட்டி நீர் தடையின்றி இறங்குகிறது, வீட்டார் மகிழ்ந்திருக்கிறார்கள், கழிவு வழியிலேயே மண்ணுள் ஊறிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதன் விளைவு பெரிது. அங்கே வற்றாத ஆறில்லை, நெடுங்காலமாக மக்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புக்கல்லினுள் தங்கும் மழைநீரையே. அக்கல்லின் வெடிப்புகள் வழியே அழுக்கு, போதிய அளவு வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேர்தல் கூடும். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிர்ப்பசளையும் மலகூடக் குழிகளும் அதற்கு முக்கிய காரணங்கள். ஒரு காணிக்குள்ளேயே கிணறும் குழியும் அமைந்த வீட்டில், இரண்டையும் பிரித்துக் காப்பவற்றுள் அந்த நிலக்கீழ்க் குழாயும் ஒன்று. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கெடுக்கும். கழிவோடு வரும் கிருமிகளோ எல்லோருக்கும் பகை.

ஆகையால், கிணற்றருகே செல்லும் குழாயை, குறை ஏதும் தோன்றாதபோதும் ஒரு முறை பார்த்துவைப்பது நன்று. கமராவில் வெடிப்புப் போன்ற கோடு தென்பட்டால், குழாயின் கீழ்முனையை அடைத்து, நீர் நிரப்பி, மட்டம் குறைகிறதா என்று சோதித்து உறுதி செய்க.

இறுதியாக ஒன்று. குழியினுள் என்ன நேர்ந்தது என்று பார்ப்பதற்காக எவரையும் மலகூடக் குழிக்குள் இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு, இறங்கியவரையும் அவரைக் காப்பாற்ற இறங்கியவரையும் சேர்த்துக் கொன்ற நிகழ்ச்சிகள் பல. மேலே நின்றபடி ஒரு வடத்தை இறக்கிப் பார்க்கலாம். பார்த்தபின் செய்யவேண்டிய வேலையை, உரிய கருவிகளோடு வருவோரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.