கழக்கூட்டம் சைனிக் பள்ளி: யாருக்காகத் திறந்த வாசல்?

புதுதில்லி: சைனிக் பள்ளிகளை நடத்துவதில் தனியாருக்கு இடம் அளிப்பது சரியா என்ற விவாதம் தலைநகரில் 2024-இல் சூடு பிடித்தது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. இப்பள்ளிகள் யாருக்காகத் தொடங்கப்பட்டன? விடை தேடுவோர் கேரளத்தின் கழக்கூட்டம் வரை போக வேண்டும்.

திருவனந்தபுரத்தின் வடபகுதியில் உள்ள இவ்வூரை இன்று பலரும் 1990-இல் உருவான டெக்னோபார்க்கின் பெயரால் அறிவர். திருவிதாங்கூர் வரலாற்றிலோ இது எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரின் ஊர். அருகிலுள்ள செம்பழந்தி மற்றொருவரின் ஊர். மன்னருக்கே சவாலாக விளங்கிய இந்த நிலப்பிரபுக்களை 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் ஒடுக்கினார். அவர்களது வீடுகளை இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டச் செய்தார் என்பது செவிவழிச் செய்தி.

அதே செம்பழந்தியில்தான், 1856-இல், ஸ்ரீ நாராயண குரு பிறந்தார். கோயிலும் பள்ளியும் மறுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியே விடுதலை தரும் என்று போதித்தவர் அவர். பிள்ளைமாரின் மாளிகைகள் போயின. குரு பிறந்த வயல்வாரம் வீடு, ஓலை வேய்ந்த மண்சுவர்க் குடிலாக இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

கல்வி எல்லோருக்கும் என்ற குரல் எழுந்த இம்மண்ணுக்குச் சைனிக் பள்ளி வந்தது தற்செயலே. ஆனால் பொருத்தமானது. ராணுவ அதிகாரிகளில் சில மாநிலத்தாரும் வசதி படைத்த குடும்பத்தாருமே மிகுந்திருந்த நிலையை மாற்ற, 1961-இல் இத்திட்டத்தைக் கொண்டுவந்தவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். நிலமும் கட்டடமும் மாநில அரசு தர வேண்டும். நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் என்பதே ஏற்பாடு.

1962-இல் திருவனந்தபுரம் பாங்கோட்டில் தொடங்கிய கேரளத்தின் பள்ளி, 1964-இல் கழக்கூட்டத்தின் சொந்த வளாகத்துக்கு மாறியது. தமிழகத்தின் அமராவதிநகர் பள்ளியும் 1962-இல் பிறந்ததே. அதே ஆண்டு சீனப் போரின் பின்னடைவால் மேனன் பதவி இழந்தார். பின்னர் 1971-இல் திருவனந்தபுரம் தொகுதியே அவரை மக்களவைக்கு அனுப்பியது.

கழக்கூட்டத்தில் படித்தவர்களில் லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் ராணுவத் துணைத் தளபதி பதவி வரை உயர்ந்தார். கர்னல் என்.ஜே. நாயரின் பெயர் தனித்து நிற்கிறது. 1983-இல் மிசோரமில் காட்டிய வீரத்துக்காகக் கீர்த்தி சக்ரா பெற்றவர் அவர். 1993 டிசம்பர் 20-இல் நாகாலாந்தில் தீவிரவாதிகள் நடத்திய தாக்குதலில் உயிர் துறந்தார். மறைவுக்குப் பின் அசோக சக்ரா வழங்கப்பட்டது.

வாசல் முழுமையாகத் திறக்க நெடுங்காலம் ஆனது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு 2021-22 கல்வியாண்டில்தான் வந்தது. மிசோரமில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட மாணவியர் சேர்க்கை அனைத்துப் பள்ளிகளுக்கும் விரிந்ததும் அதே ஆண்டில்தான். அறுபது ஆண்டுக் காத்திருப்பு என்பது சிறிதல்ல.

அதே 2021-இன் அக்டோபரில், தொண்டு நிறுவனங்கள், தனியார் பள்ளிகள், மாநில அரசுகள் ஆகியவற்றுடன் கூட்டாக 100 புதிய பள்ளிகள் நடத்த மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. குறிப்பிட்ட சித்தாந்தம் சார்ந்த அமைப்புகளுக்கே பள்ளிகள் போகின்றன என்று குற்றம் சாட்டிய காங்கிரஸ் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே, திட்டத்தைத் திரும்பப் பெறக் கோரி 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசு குற்றச்சாட்டை மறுத்தது.

கழக்கூட்டம் உள்ளிட்ட பழைய 33 பள்ளிகள் இப்புதிய திட்டத்தில் அடங்கா.